உள்ளங்கையில் ஒரு தபால் பேருந்து

எமது தையல் நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள் கூடுவார்கள். அப்படியான ஒரு நாளில், கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வரும் அக்கா ஒருவர், துணி வெட்டும் மேசையில் சிறிய பெட்டி ஒன்றை வைத்துத் திறந்தார். பெட்டிக்குள் மஞ்சள் நிறப் பேருந்து ஒன்று இருந்தது. நீளம் பத்துச் சென்ரிமீற்றர் இருக்கும். முன்பக்கம் பழைய லொறிகளைப் போல நீண்ட மூக்கு. பக்கவாட்டில் ஊதுகுழல் அடையாளம். கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே இருக்கைகள், சாரதியின் சுக்கான் எல்லாம் நெல்மணி அளவில் ஒழுங்காக இருந்தன.

"சுவிஸ்ஸில இருந்து தம்பி அனுப்பினவன்" என்றார் அக்கா.

"விளையாட்டுச் சாமான் போல கிடக்கு. உங்கட வீட்டில சின்னப் பிள்ளையளும் இல்லையே?" என்று ஒருவர் கேட்டார்.

"காசு கேட்டால் பஸ் அனுப்பியிருக்கிறார். நல்ல தம்பிதான்" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இதை வித்தால் என்ன வரும்? வெளிநாட்டில இப்பிடியான சாமான்களை நல்ல காசு குடுத்து வாங்குவினமாம். வாற வெள்ளிக்கிழமை லோன் கட்ட வேணும்."

கணவரை 2009 இல் இழந்தவர் அவர். மகள் ஒருத்தி தரம் 9 இல் படிக்கிறாள். வாராந்தக் கடன்காரர் படலையில் வந்து நிற்பது என்றால் என்ன என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்கான பணத்தை எமது குழுவின் அவசர நிதியிலிருந்து கொடுத்துச் சமாளித்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. யார் இந்தச் சிறிய பேருந்துகளை வாங்குகிறார்கள்? எதற்காக வாங்குகிறார்கள்? என்ன விலை கொடுக்கிறார்கள்? தேடிப் படித்தும் தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

மலைக்கு ஏறிய தபால்

சுவிற்சர்லாந்து மலைகளின் நாடு. அங்கே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கடிதம் போவதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1849 ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டின் தபால் சேவை முழுவதும் மத்திய அரசின் பொறுப்பில் வந்தது. கடிதங்களும் பொதிகளும் பயணிகளும் குதிரை வண்டிகளிலேயே மலைக் கணவாய்களைக் கடந்தார்கள். ருடோல்ஃப் கொல்லர் என்ற ஓவியர் 1873 இல் வரைந்த ஓவியம் ஒன்றில், கொட்ஹார்ட் கணவாயின் தபால் வண்டி மலைச்சரிவில் பாய்ந்து வருகிறது. அதன் முன்னே கன்றுக்குட்டி ஒன்று மிரண்டு ஓடுகிறது. சுவிஸ் மக்களுக்கு மிகவும் பழக்கமான ஓவியங்களில் இது ஒன்று. அது வரையப்பட்டு ஒன்பது ஆண்டுகளில், 1882 இல், கொட்ஹார்ட் மலையைக் குடைந்து புகையிரதச் சுரங்கம் திறக்கப்பட்டது. அந்தப் பெரிய குதிரை வண்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனால் புகையிரதம் எல்லா ஊருக்கும் போவதில்லை. தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து மேலே எத்தனையோ சிறு கிராமங்கள் இருந்தன. அவற்றுக்காகத்தான் மோட்டார் தபால் பேருந்து வந்தது. 1906 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாம் திகதி, தலைநகர் பேர்ணிலிருந்து டெற்லிகன் என்ற கிராமத்துக்கு முதலாவது சேவை ஆரம்பமாயிற்று. ஒரே வண்டியில் ஆட்களும் போனார்கள், தபால் பையும் போயிற்று. கடிதத்துக்கு என்று ஒரு வண்டியும் ஆட்களுக்கு என்று இன்னொரு வண்டியும் விடுவதற்குச் சிறிய கிராமங்களில் வருமானம் போதாது. இரண்டையும் சேர்த்தால் நட்டம் குறையும். நாலு வீடு உள்ள ஊருக்கும் வண்டி போகும். தபால் பேருந்து என்ற யோசனையின் அடிப்படையே இதுதான்.

இப்படி மோட்டார் வண்டிகள் பெருகினாலும் குதிரை உடனே ஓய்வு பெறவில்லை. அந்நாட்டின் கடைசிக் குதிரைத் தபால் வண்டி 1961 இல்தான் நின்றது. அது கிரவுபுண்டன் மாநிலத்தில் அவர்ஸ் என்னும் உயர்ந்த பள்ளத்தாக்கில் ஓடிய வண்டி. கடைக்கோடி ஊர்களுக்கு வசதி கடைசியாகத்தான் வருகிறது என்பது பணக்கார நாட்டிலும் நடந்திருக்கிறது.

யுத்த லொறிகள் பேருந்தாகின

இந்தக் கதையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் சுவிற்சர்லாந்து நடுநிலை நாடாக இருந்தது. என்றாலும் எல்லையைக் காக்க இராணுவத்தைத் திரட்டி, லொறிகளையும் வாங்கி வைத்திருந்தது. 1918 இல் யுத்தம் முடிந்தது. அந்த லொறிகளுக்கு வேலை இல்லை. தபால் திணைக்களம் அவற்றில் ஒரு பகுதியை எடுத்து, மேற்பகுதியை மாற்றி, இருக்கை பொருத்தி, மலைப்பாதைகளில் பயணிகளை ஏற்ற விட்டது. 1919 இலிருந்து பெரிய மலைக் கணவாய்களில் ஒவ்வொன்றாக மோட்டார் தபால் ஏறத் தொடங்கியது.

இராணுவ வண்டியின் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். அதே லொறி, மஞ்சள் பூச்சுப் பூசிக்கொண்டு, கடிதமும் பாற்கட்டியும் பாட்டிமாரும் ஏற்றிக்கொண்டு மலை ஏறியது என்று வாசித்தபோது, அந்தப் பக்கத்தைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன்.

இந்தப் பேருந்துகளில் புகழ்பெற்றவற்றைச் செய்தது சவுரர் என்ற நிறுவனம். கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஆர்போன் என்ற பட்டினத்தில் அதன் தொழிற்சாலை இருந்தது. 1853 இல் இரும்பு வார்ப்பகமாகத் தொடங்கிய அந்தக் குடும்பத் தொழில், லொறி செய்ய முன்னர் பூவேலைத் தையல் இயந்திரங்களைச் செய்து பெயர் பெற்றது. அருகிலிருக்கும் சென் காலன் நகரம் பூவேலைத் துணிகளுக்குப் பேர்போனது. சவுரரின் முதலாவது லொறி 1903 இல்தான் வந்தது. இன்றும் ஆர்போனிலுள்ள சவுரர் நூதனசாலையில் லொறிகள், பேருந்துகளுடன் தறிகளையும் பூவேலை இயந்திரங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். எமது தையல் மேசைக்கு அந்தப் பேருந்து வந்தது ஒருவகையில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தது மாதிரித்தான் என்று நான் சொன்னபோது எல்லோருக்கும் சிரிப்பு.

1982 இல் சவுரர் இன்னொரு சுவிஸ் வாகன நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அதன்பின் சவுரர் பெயரில் பேருந்துகள் வருவது படிப்படியாக நின்றுபோயிற்று. மூக்கு நீண்ட அந்தப் பழைய வண்டிகளை இப்போது விழாக்களிலும் நூதனசாலைகளிலும்தான் காணலாம். மஞ்சள் தபால் பேருந்துச் சேவை மட்டும் நிற்கவில்லை. நவீன வண்டிகளுடன் இன்றும் ஆண்டுக்குப் பதினைந்து கோடிக்கும் அதிகமான பயணங்களுக்கு அது உதவுகிறது.

மூன்று சுரங்கள்

மலைப்பாதைகள் ஒடுக்கமானவை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. ஆகவே 1923 இல் தபால் பேருந்துகளுக்கு மூன்று சுரங்கள் கொண்ட ஊதுகுழல் ஒன்றைப் பொருத்தினார்கள். அந்தச் சுரங்கள் இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினி 1829 இல் அமைத்த 'வில்லியம் டெல்' என்ற இசைநாடகத்தின் முகப்பிசையிலிருந்து எடுக்கப்பட்டவை. வில்லியம் டெல் சுவிஸ் மக்களின் வீரக்கதை நாயகன்.

மலைத்தபால் வீதி என்று குறிக்கப்பட்ட பாதைகளில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் அடையாளம் இருக்கும். அந்த வீதிகளில் ஒடுங்கிய இடத்தில் எதிரெதிரே சந்தித்தால், சேவைப் பேருந்தின் சாரதி சொல்வதை ஏனைய வாகனக்காரர் கேட்க வேண்டும். எத்தனை விலையுயர்ந்த காராக இருந்தாலும் பின்னுக்கு எடுத்து வழிவிட வேண்டும். கிராமத்தவரையும் அவர்களின் கடிதங்களையும் சுமந்து வரும் வண்டிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை கேட்பதற்கு நன்றாக இருந்தது.

பிரித்தானியாவிலும் இந்த யோசனை பின்னர் சென்றது. 1967 பெப்ரவரியில் வேல்ஸ் பிரதேசத்தில் லனிட்லோஸ் என்ற ஊரிலிருந்து லங்கூரிக் என்ற கிராமத்துக்கு முதலாவது தபால் பேருந்து ஓடியது. அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்துக்கும் வந்தது. அங்கே சாரதியே தபால்காரர். சிறிய சிவப்பு வாகனத்தில் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டே போவார். வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்வார். ஐம்பது ஆண்டுகள் ஓடிய அந்தச் சேவை 2017 இல் முற்றாக நின்றுவிட்டது.

சிறிதாக்கும் கணக்கு

இனி அந்தப் பொம்மை வண்டிக்கு வருவோம். பொம்மை என்று சொன்னால் சேகரிப்பவர்களுக்குக் கோபம் வரும். அவர்கள் அதை மாதிரியுரு என்பார்கள். வித்தியாசம் அளவில் இருக்கிறது. விளையாட்டுச் சாமானில் சில்லுப் பெரிதாகவும் உடல் சிறிதாகவும் இருந்தாலும் பாதகமில்லை. மாதிரியுருவில் எல்லாப் பகுதியும் ஒரே விகிதத்தில் சிறுக்க வேண்டும்.

அக்காவின் பேருந்தின் அடியில் 1:87 என்று இருந்தது. உண்மையான வண்டியின் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று அர்த்தம். விளையாட்டுப் புகையிரதங்களுடன் வைப்பதற்கு ஏற்ற அளவாக இது ஐரோப்பாவில் நிலைபெற்றது. பிரித்தானியாவில் 1:76 அளவு வழக்கத்தில் உள்ளது. தனியாகக் கண்ணாடி அலுமாரியில் வைப்பவர்கள் 1:43 அளவைப் பெரிதும் விரும்புவார்கள். அக்காவின் மகள் அடுத்த செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வந்தபோது அடிமட்டத்தை எடுத்து அளந்தாள். 10.3 சென்ரிமீற்றர். அதை 87 ஆல் பெருக்கினாள். 896 சென்ரிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது மீற்றர். "அம்மா, இது உண்மையான பஸ்தான்" என்றாள். எங்களில் பலர் அப்போதுதான் அதைக் கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தோம்.

செய்யும் முறை இரண்டு வகை. முதலாவது, உருக்கிய துத்தநாகக் கலப்புலோகத்தை உருக்கு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது. பிரித்தானியாவின் டிங்கி, மாச்பொக்ஸ், கோர்கி வண்டிகள் இப்படி வந்தவை. இரண்டாவது, பிளாஸ்ரிக்கை அச்சில் வார்ப்பது. ஜேர்மனியின் விக்கிங், பிரெகினா போன்ற நிறுவனங்களின் 1:87 வண்டிகள் இந்த வகை. ஊதுகுழல் அடையாளம், எழுத்து, இலக்கத் தகடு ஆகியவற்றை மென்மையான சிலிக்கன் மெத்தையால் ஒற்றி அச்சிடுகிறார்கள். இவை தவிர, மிகக் குறைந்த எண்ணிக்கையில் கையால் செய்து முடிக்கும் சிறு பட்டறைகளும் உண்டு.

மாச்பொக்ஸ் என்ற பெயர் வந்த கதை சுவையானது. லண்டனில் லெஸ்னி என்ற நிறுவனத்தின் பங்காளியான ஜக் ஓடெல் என்பவரின் மகள், பாடசாலைக்கு விளையாட்டுப் பொருள் கொண்டுபோவது வழக்கம். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருள் மட்டுமே கொண்டுவரலாம் என்பது பாடசாலையின் கட்டுப்பாடு. தந்தை தீப்பெட்டிக்குள் அடங்கும்படி வீதி உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். 1953 இல் தீப்பெட்டி என்ற பெயரிலேயே வண்டிகள் சந்தைக்கு வந்து உலகம் முழுவதும் போயின.

அந்த வண்டிகளை யார் செய்தார்கள்? கிழக்கு லண்டனின் லெஸ்னி தொழிற்சாலையிலும், லிவர்பூலில் டிங்கி செய்த தொழிற்சாலையிலும் பூச்சு வேலை, பொருத்தும் வேலை, பெட்டியில் அடைக்கும் வேலை ஆகியவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, நாள் முழுவதும் சின்னச் சில்லுகளைப் பொருத்திய தாய்மார். 1979 இல் லிவர்பூல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1982 இல் லெஸ்னி நிறுவனம் முறிந்தது. அவர்கள் கை பட்ட வண்டிகள் இன்று ஏலத்தில் போகின்றன. செய்தவர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. எமது நிலையத்தில் தைக்கும் பாடசாலைச் சீருடையிலும் தைத்தவரின் பெயர் இருப்பதில்லை.

விலையைத் தீர்மானிப்பது எது?

அக்காவின் கேள்விக்கு நேரான பதில் இதோ. வீட்டில் இப்படியான பொருள் வைத்திருக்கும் வாசகியருக்கும் இது உதவலாம்.

முதலாவது, வயது மட்டும் விலையைக் கூட்டாது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டி ஐம்பது வருடம் பழையதானாலும் மலிவாகவே இருக்கும். சில நூறு மட்டுமே செய்யப்பட்ட வண்டி புதிதாக இருந்தாலும் விலை போகும்.

இரண்டாவது, பெட்டி முக்கியம். தாங்கள் பெற்ற கடதாசிப் பெட்டியைப் பிள்ளைகள் எறிந்துவிடுவார்கள். அதனால் பழைய வண்டிகளில் பெட்டியுடன் இருப்பவை குறைவு. பெட்டி இருந்தால் விலை பல மடங்காவதும் உண்டு.

மூன்றாவது, பூச்சு. சுரண்டல் விழுந்த வண்டிக்கு அழகாகத் திரும்பப் பூச்சுப் பூசினால் விலை கூடும் என்று நாம் நினைப்போம். சேகரிப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. முதற்பூச்சுத்தான் அவர்களுக்கு வேண்டும். பழைய பித்தளை விளக்கை மினுக்கி விற்பது போல இதைச் செய்யக்கூடாது.

நான்காவது, உலோகத்தின் சுகம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் வார்த்த சில வண்டிகளில், கலப்புலோகத்தில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்ததால், காலப்போக்கில் வெடிப்பு விழுந்து தூளாகிவிடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளிருந்து உடையும். இதற்கு மருந்து இல்லை.

ஐந்தாவது, வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது. இந்த வண்டிகளின் சந்தை சுவிஸிலும் ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் இருக்கிறது. இங்கிருந்து ஒன்றை விற்று அனுப்பினால் தபாற்கட்டணமும் இடைத்தரகரின் பங்கும் போக மிஞ்சுவது சொற்பம்.

அக்காவின் பேருந்து அண்மையில் செய்யப்பட்ட சாதாரணப் பிளாஸ்ரிக் மாதிரியுரு. பெட்டியும் நல்ல நிலையில் இருந்தது. இருந்தாலும் கடையில் வாங்கிய விலையின் ஒரு பங்குதான் திரும்பி வரும். ஒரு கிழமைக் கடன் தவணைக்கும் அது காணாது. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பொய் நம்பிக்கை கொடுப்பதிலும் பார்க்க அது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்குகிறோம் என்பவர்களிடம் அவசரப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் எங்கள் கையில் மிஞ்சியவை சில. கடன் தவணைக்கு முதல் நாள் கேட்கப்படும் விலை எப்போதும் குறைந்த விலைதான். இரண்டு பேரிடமாவது விசாரித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

ஏன் சேகரிக்கிறார்கள்?

விலை போகட்டும். வளர்ந்த மனிதர்கள் ஏன் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்? சேகரிப்பவர்களில் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதிகள் இருக்கிறார்கள், தபால் ஊழியர்கள் இருக்கிறார்கள், மலைக்கிராமத்தில் பிறந்து நகரத்தில் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரிதும் கேட்பது புதிய வண்டியை அல்ல. தாங்கள் பாடசாலைக்குப் போன வண்டி, தாய் சந்தைக்குப் போன வண்டி, தங்கள் ஊரின் பெயர்ப்பலகை போட்ட வண்டி. அது இப்போது ஓடுவதில்லை. அதைச் செய்த தொழிற்சாலையும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒன்றாவது இருக்கட்டும் என்று வாங்குகிறார்கள்.

எங்களுக்கும் அப்படி வண்டிகள் இருந்தன. 1958 இல் பேருந்துகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின், சிவப்புப் பேருந்து போகாத ஊர் குறைவு. லண்டன் வீதிகளில் ஓடி முடித்த இரட்டைத்தட்டுப் பேருந்துகளைக்கூட அக்காலத்தில் பெருந்தொகையாக வாங்கி இலங்கையில் ஓடவிட்டார்கள். என் சிறுவயதில் எங்கள் ஊருக்கும் தபால் பை பேருந்தில்தான் வந்தது. சாரதியின் பின்னால் காக்கிச் சாக்குப் பை சாய்ந்திருக்கும். உபதபாற்கந்தோர் வாசலில் வண்டி நின்றதும் நடத்துனர் பையை இறக்கி வைப்பார். அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

பிறகு யுத்தம் வந்தது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வர 2014 ஒக்டோபர் ஆயிற்று. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் மீண்டும் திறந்தது. இடையில் எத்தனையோ கடிதங்கள் போய்ச் சேரவில்லை. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் செய்திப் படிவத்தில் குடும்ப விடயம் மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எங்களில் பலர். அந்தக் குழுவின் தலைமையகமும் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில்தான் இருக்கிறது. இன்னமும் பதில் வராத படிவங்களின் பிரதியைப் பெட்டியில் வைத்திருக்கும் தாய்மாரும் எமது குழுவில் இருக்கிறார்கள்.

தம்பி சொன்ன காரணம்

"ஏன் இதை அனுப்பினீங்கள் என்று தம்பியிட்ட கேட்டீங்களோ?" என்று நான் அக்காவிடம் கேட்டேன். கேட்கவில்லை என்றார். கோபத்தில் பொதி கிடைத்ததென்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அன்று மாலை நிலையத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அரை மணித்தியாலம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்குச் சொன்னார்.

1989 இல் தம்பி அங்கு போய்ச் சேர்ந்தபோது, அகதித் தஞ்சம் கேட்டவர்களை மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது மலையுச்சிக் கிராமம் ஒன்றிலிருந்த விடுதி. பனிக்காலத்தில் அந்த ஊருக்கு வருவது மஞ்சள் பேருந்து ஒன்றுதான். அதில்தான் தபாலும் வந்தது. மொழி தெரியாத இளைஞன், தினமும் அந்த மூன்று சுரங்கள் கேட்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தரிப்பிடத்துக்கு ஓடுவாராம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இராது. வன்னியிலிருந்து கடிதம் வவுனியாவைக் கடப்பதே அப்போது பெரிய காரியம். ஒரு நாள் சாரதி வண்டியை விட்டு இறங்கி வந்து, நீலக் கடித உறை ஒன்றைக் கையில் கொடுத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனாராம். அது அக்கா எழுதிய கடிதம். தாய் இறந்த செய்தி அதில் இருந்தது.

"அந்தக் கடிதத்தை எழுதேக்க போய்ச் சேருமோ சேராதோ எண்டுதான் எழுதினனான்" என்றார் அக்கா. "அவனுக்கு அது எப்பிடிக் கிடைச்சதெண்டு எனக்கு முப்பது வருசத்துக்கு மேல தெரியாது. அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை."

தம்பி அங்கே வேலை செய்வது உணவகம் ஒன்றின் சமையலறையில். பணம் அனுப்ப இயலாத மாதமாக இருந்ததால், வெறும் கையாக இருக்க மனமில்லாமல், கடையில் கண்ட அந்தப் பேருந்தை வாங்கி அனுப்பியிருக்கிறார். காரணத்தை எழுத வெட்கமாக இருந்ததாம்.

கடன் அப்படியே இருக்கிறது. குழுவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு அக்கா இப்போது வாரத்தில் மூன்று சீருடை மேலதிகமாகத் தைக்கிறார். பேருந்தை விற்கும் பேச்சு மட்டும் எழவில்லை.

பிள்ளைகளுடன் செய்து பார்க்க

அக்காவின் மகள் விடவில்லை. "எங்கட ஊர் பஸ்ஸைச் செய்ய ஏலாதோ?" என்று கேட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோருமாகச் செய்து பார்த்தோம். வழிமுறை எளிது.

1:43 அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மீற்றர் நீளமான பேருந்து 21 சென்ரிமீற்றர் ஆகும். அகலம் 5.6 சென்ரிமீற்றர், உயரம் 7 சென்ரிமீற்றர். தடித்த மட்டையில் (பழைய பால்மாப் பெட்டி போதும்) இந்த அளவில் பக்கங்களை வரைந்து வெட்டி ஒட்டுங்கள். ஜன்னலுக்கு மெல்லிய தெளிந்த பிளாஸ்ரிக் தாளை உட்புறமாக ஒட்டலாம். சில்லுக்குப் போத்தல் மூடி. பூச்சுக்கு முன் ஒரு நாள் நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மட்டை வளைந்துவிடும். ஒவ்வொரு பகுதியையும் பிள்ளைகளே 43 ஆல் பிரித்துக் கணக்கிடட்டும். விகிதக் கணக்கு அதன்பின் மறக்காது.

இதைச் செய்து விற்றுப் பிழைக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மாலைப்பொழுது போகும். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். முன்பக்கப் பலகையில் எந்த ஊரின் பெயரை எழுதுவது என்பதிலேயே எங்கள் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் பேச்சு நடந்தது. இன்று ஆட்கள் திரும்பாத ஊர்களின் பெயர்களும் அந்தப் பேச்சில் வந்தன. கடைசியில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பெயரைச் சிறு துண்டில் எழுதினோம். கிழமைக்கு ஒன்றாகப் பலகையை மாற்றுகிறோம். மகனின் பதிலுக்காக இன்னமும் காத்திருக்கும் அம்மா ஒருவர், காக்கித் துணியில் பெருவிரல் அளவு தபால் பை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து சாரதி இருக்கையின் பின்னால் வைத்தார். வாயை நூலால் கட்டியிருந்தார். நாங்கள் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

மஞ்சள் பேருந்தும் சிவப்புப் பேருந்தும் இப்போது நிலையத்தின் நூல் அலுமாரிக்கு மேல் அருகருகே நிற்கின்றன. அக்கா வரும் நாட்களில் மஞ்சள் வண்டியின் தூசியைச் சின்னத் தூரிகையால் தட்டிவிட்டுத்தான் இயந்திரத்தில் அமர்கிறார்.

உங்கள் ஊருக்குத் தபால் பை எந்த வண்டியில் வந்தது? யார் இறக்கினார்கள்? நீங்கள் காத்திருந்த கடிதம் வந்ததா? எமக்கு எழுதுங்கள்.